நிதியமைச்சரின் வீட்டுக்காரர்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு என்னை யாரும் கூப்பிடக் கூடாது. வீட்டில் தீப்பிடித்தால்கூடப் பன்னிரண்டு மணிக்குச் சொன்னால் போதும் என்று எழுத வந்தேன். பட்டாசு செய்கிற எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை விளையாட்டுக்குக்கூட எடுக்க மாட்டோம். ஆகவே, வானமே இடிந்து விழுந்தாலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம். திங்கட்கிழமை என்றால் நிதியமைச்சரின் முறை.

நான் ஒன்றும் பொருளாதாரப் புலி அல்ல. வேன் டிரைவர். பெயர் காலேப். தாயில்பட்டியிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு வந்து ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் இறக்குவேன். சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு போவேன். நடுவில் கம்பெனிக்கு வெளியே, தள்ளி இருக்கும் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடப்பேன். பெண்கள் தங்கள் செல்போன்களை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே நிற்கும் எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. என் போனில் நாடாளுமன்றம் ஓடும்.

நிதியமைச்சர் பெரிய மீசைக்காரர். இந்தியில்தான் பேசுவார். ஆனால் போனில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் மீசை அசையும், என் மனைவியின் குரல் வரும். "மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு நான் தெரிவிக்க விரும்புவது என்னவென்றால், வங்கிகளின் நிலை முன்னைவிட மேம்பட்டிருக்கிறது" என்று மீசை என் எவாவின் குரலில் சொல்லும். முதல் தடவை பார்த்தபோது சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அடுத்த நிமிடம் அழுகை வந்தது. அது வேறு விஷயம்.

எவாஞ்சலின் சாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தாள். இப்போது டெல்லியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் இந்தியையும் இங்கிலீஷையும் வாங்கி, வாயால் தமிழாக விட்டுக்கொண்டிருக்கிறாள். வரி, வட்டி, பணவீக்கம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதால் திங்கட்கிழமைகளை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மொழிபெயர்ப்பவர் தன்னை மறந்து, பேசுகிறவராகவே பேச வேண்டுமாம். அதனால் அவள் "அமைச்சர் சொல்கிறார்" என்று சொல்ல மாட்டாள். "நான்" என்றுதான் சொல்வாள்.

இந்த "நான்" என்னை ஏற்கனவே ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால், சாத்தூரில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடந்தது. வெளிநாட்டுப் பிரசங்கியாரை மதுரையிலிருந்து அழைத்து வந்தது நான். மேடையில் அவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொன்னது அவள். அவர் கையைத் தூக்கினால் இவளும் தூக்குவாள். அவர் குரல் உடைந்தால் இவள் குரலும் உடையும். "நான் வழிதப்பிப் போனேன், வீட்டுக்கதவைத் தட்ட எனக்கு வெட்கமாக இருந்தது" என்று அவள் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர். கூட்டம் முடிந்து டீ குடிக்கும் இடத்தில் நான் போய், "நீங்க எங்கன வழிதப்பிப் போனீக?" என்று கேட்டேன். நிஜமாகவே அவள் கதை என்றுதான் நினைத்தேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

அந்த மேடைப் பழக்கம் டெல்லிக்கும் கூடவே போனது. சேர்ந்த புதிதில், அமைச்சர் ஒரு நீண்ட பதிலை முடித்து உட்கார்ந்ததும் இவள் வாய் தவறி "ஆமென்" என்று சொல்லிவிட்டாள். மீசைக்காரர் இந்துஸ்தானத்தின் நிதி நிலையைப் பற்றிப் பேசி ஆமென் என்று முடித்ததைக் கேட்டவர்கள் எத்தனை பேரோ தெரியாது. நான் கேட்டேன். வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து நானும் ஆமென் என்றேன்.

முதலில் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் ஒப்பந்தம்தான். அவை முடிந்ததும் ரயில் ஏறி வந்துவிடுவாள். பிறகு குழுக் கூட்டம் என்றார்கள், பயிற்சி என்றார்கள், வருவது குறைந்தது. நானும் ஒரு மாதம் டெல்லியில் போய் இருந்து பார்த்தேன். காலையில் அவள் போய்விடுவாள். நான் ஓர் அறைக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடையில் கொத்தமல்லி கேட்கத் தெரியாது. சண்டை போடக்கூட ஆள் கிடையாது. ஊருக்குத் திரும்புகிறேன் என்றபோது அவள், "ஒங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க" என்றாள். இருங்க என்று சொல்வாள் என்று பையை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டீகளா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான். பகலெல்லாம் ஊராருக்காகப் பேசிய தொண்டையில் எனக்கென்று மிச்சம் இருப்பதில்லை. அதனால்தான் எனக்குத் திங்கட்கிழமை வேண்டியிருக்கிறது. இரண்டு வாக்கியத்துக்கு நடுவே அவள் மூச்சு வாங்குவது கேட்கும். சளி பிடித்திருந்தால் தெரியும். புள்ளிவிவரம் வேகமாக வரும்போது நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பாள், அது தெரியும். எனக்கு வரியும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். அந்த மூச்சுக்காகத்தான் மீசைக்காரரின் பதில்களை எல்லாம் சகித்துக்கொண்டேன். எதிர்க்கட்சிக்காரர்கள் கூச்சல் போட்டு அவை ஒத்திவைக்கப்பட்டால் எனக்கு வரும் கோபத்துக்கு அளவே கிடையாது. ஜனநாயகம் செத்துவிட்டது என்று அவர்கள் கத்துவார்கள். எனக்கு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது போல இருக்கும்.

சாயங்காலம் பெண்களோடு திரும்பும்போது அதைத் திரும்பவும் வேன் ஸ்பீக்கரில் போடுவேன். பெண்களுக்கு அது பழகிவிட்டது. எனக்கு "மந்திரி வீட்டுக்காரரு" என்று பெயர் வைத்தவள் வேல்விழி. சரவெடி பின்னுகிறவள், வாய் ஓயாதவள். "அண்ணே, ஒங்க வீட்டு மீச இன்னிக்கு என்ன சொல்லுச்சு?" என்று ஏறும்போதே கேட்பாள். செல்லத்தாய் அக்கா மட்டும் இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் என்று சொல்கிறாளே, அப்புறம் அவள் சொல்வதுதானே என்பது அக்காவின் கட்சி. "நம்ம பிள்ள நெனச்சா ஒரு வார்த்த கூட்டிச் சொல்ல முடியாதாக்கும்?" என்பாள். அக்காவின் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனால், என்ன வேலை என்று கேட்டு, பட்டாசு என்றதும், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். இதையும் எவாவிடம் சொல்லி அமைச்சர் காதில் போடச் சொன்னாள். எவா அந்த மீசையை நேரில் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை என்று சொன்னால் அக்கா நம்பமாட்டாள்.

டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நான் வெளியே வரும்போது எவா கூப்பிட்டாள்.

"நெரந்தரமா எடுத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாக. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டா மூணு வருசத்துக்கு விட்டுட்டு வர முடியாது. இந்தக் கிறிஸ்மஸுக்கும் லீவு கெடையாது."

"போடலேன்னா?"

"இந்தக் கூட்டத்தொடரோட முடிஞ்சுரும். சாத்தூர் ஸ்கூல்ல இன்னும் எனக்கு எடம் இருக்கு, கேட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க."

எனக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அது தொண்டை வரை வந்தது. கோவில் வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"அரசின் பரிசீலனையில் உள்ளதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே மூட்டம். பத்தரை மணிக்குத் தெற்கே மின்னல் வெட்டியது. மின்னல் வெட்டினால் பட்டாசு கம்பெனியில் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. போர்மேன் விசிலடித்தார். பெண்கள் அறைகளை விட்டு வெளியேறி, வாட்ச்மேனைத் தாண்டி ஓடி வந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் வேனில் ஏறிவிட்டார்கள். கைகளில் எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கியது. "மளை விட்டாத்தான் இனி வேல. மந்திரியப் போடுங்கண்ணே" என்றாள் வேல்விழி. பதினொன்று ஆனதும் போனை வண்டி ஸ்பீக்கரோடு இணைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து, தென்மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பட்டாசைப் பற்றிய கேள்வி. தமிழிலேயே கேட்டார். பட்டாசுக்கு வரியைக் குறைப்பீர்களா? பட்டாசுத் தொழிலாளர் என்றாலே வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றனவே, அரசுக்குத் தெரியுமா? பெண்கள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்கள். மழை கூரையில் அடித்தது. மீசை எழுந்தது. எவாவின் குரல் வந்தது.

"வரியைக் குறைப்பது குறித்து மாநிலங்களும் சேர்ந்த மன்றம்தான் முடிவெடுக்க வேண்டும். நான் தனியாக முடிவெடுக்க முடியாது. இப்போதைக்கு அப்படி எந்தப் பரிந்துரையும் என்னிடம் இல்லை."

"பாத்தியா, இல்லன்னுட்டா!" செல்லத்தாய் அக்கா என் தோளில் ஓர் அடி வைத்தாள். "இங்கன வெந்த சோத்தத் தின்ன பிள்ளதான? நம்ம மொகத்துக்கு நேரா இல்லைங்கா. ஏலே, நீ சொல்லிவைக்கக் கூடாதா?"

"அக்கா, அது அவ சொல்லல. மந்திரி சொல்லுதாரு."

"நான் நான்னு அவதான சொல்லுதா!"

"செத்த சும்மா இரு பெரியம்மா, அடுத்தது வருது" என்று வேல்விழி அதட்டினாள்.

அடுத்தது வங்கி. மீசைக்காரர் வேகமெடுத்தார். திரையில் அவர் மூச்சு விடாமல் இந்தியில் பொரிந்துகொண்டிருக்க, எவா ஒரு வினாடி பேசாமல் இருந்தாள். தவறவிட்டுவிட்டாளோ? இல்லை. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். பிறகு நிதானமாக, பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "என்ன தொழில் செய்கிறார் என்பதற்காக மட்டும் யாருக்கும் கடனை மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறோம். மறுத்தால், ஏன் மறுத்தோம் என்று எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. எழுதித் தரவில்லை என்றால் மேலே புகார் செய்யலாம்."

செல்லத்தாய் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எளுதிக் கேக்கலாமா? அப்புறம் வாங்கன்னு வாயால சொல்லி வெரட்டுனது செல்லாதா?" அவளே சொல்லிக்கொண்டாள்: "நாளைக்குப் போயி, எளுதிக் குடுங்க சார்ங்கேன். மந்திரி பேசுதத எத்தன வருசமா டிவியில பாக்கோம். ஒரு எளவும் வெளங்குனது கெடையாது. இன்னிக்கு வெளங்குது." பிறகு என்னைப் பார்த்து, "நல்லா இருப்பாலே ஒம் பொண்டாட்டி" என்றாள். கொஞ்சம் முன்னால் திட்டிய அதே வாய்.

இப்படிப் பேசுகிறவளை வகுப்பறைக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் கொண்டுவந்து வைக்க நான் யார்? வா என்று கூப்பிடுவது என் சுயநலம். நேற்றிலிருந்து தொண்டையில் நின்ற வார்த்தையை விழுங்கினேன். மழை விட்டுப் பெண்கள் உள்ளே போனதும், போனை எடுத்து எழுதினேன்: "சேர்ந்துவிடு. அது உன் இடம். இன்றைக்குத்தான் புரிந்தது." அனுப்பிவிட்டு, பெரிய தியாகி போல வேப்பமரத்தடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி" என்று ஒரு சொல் வந்தது. கூட ஒரு பூ இல்லை, பொம்மை இல்லை. வேலையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். கரிசல் எல்லாம் நனைந்து ரோட்டில் சேறு இழுத்துக் கிடந்தது. மெதுவாகத்தான் ஓட்டினேன். பாதி வழியில் ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது. காலையில் இணைத்ததை நான் எடுத்துவிடவே இல்லை. எவா என்று பார்த்ததும் கை தானாக அமுக்கிவிட்டது. வண்டியை ஓரங்கட்டினேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றது வேன் முழுவதும்.

பின்னால் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போனைக் காதுக்கு மாற்றுவது எப்படி என்று தடவினேன். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

"ரொம்பச் சந்தோசம் எவா" என்றேன்.

"சந்தோசமா?"

"ஆமா. இன்னிக்கு நீ பேசுனத எல்லாரும் கேட்டோம். செல்லத்தாய் அக்கா..."

"அத விடுங்க. நான் ஒங்ககிட்ட என்ன கேட்டேன்? என்ன செய்யட்டும்னு கேட்டேன். ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுவீகன்னு இருந்தேன். நீங்க எனக்கு எது நல்லதுன்னு சொல்லிட்டீக."

"நீ இங்கன வந்து..."

"இங்கன வந்து என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா? காலையிலருந்து அந்தத் தாளக் கையெழுத்துப் போடாம பைக்குள்ளயே வச்சிருந்தேன். வான்னு ஒரு வார்த்த வந்துட்டா கிளிச்சுப் போட்டுட்டு வந்துரலாம்னு. போன எடுத்து எடுத்துப் பாத்தேன். சேர்ந்துவிடுன்னு வருது." குரல் தடுமாறியது. நாடாளுமன்றத்தில் ஒரு நாளும் தடுமாறாத குரல். "பகலெல்லாம் எவரு எவரோ சொல்லுதத நான் நான்னு சொல்லிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எனக்கின்னு ஒரு ஆளு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு இருக்காதா? ரெண்டு வருசத்துல ஒரு தடவயாச்சும் வான்னு சொன்னீகளா நீங்க?"

முன்கண்ணாடியில் வைப்பர் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து செல்லத்தாய் அக்கா குனிந்து, "ஏலே காலேப்பு, வாய்ல என்ன கொளுக்கட்டையா வச்சிருக்க? சொல்லேம்ல" என்றாள்.

"யாரு அது?" என்றாள் எவா.

"வண்டியில எல்லாரும் இருக்காக. ஸ்பீக்கர்ல போய்க்கிட்டு இருக்கு எவா. எனக்கு நிப்பாட்டத் தெரியல."

அவள் போனை வைத்துவிடுவாள் என்று பயந்தேன். வைக்கவில்லை. "இருக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். சொல்லுங்க" என்றாள்.

"வா எவா" என்றேன். ஒன்று வந்ததும் மற்றதெல்லாம் தானாகக் கொட்டியது. "வந்துரு. நீ இல்லாம எனக்கு வீட்டுக்குள்ள நுழையப் பிடிக்கல. சோத்தத் தின்னுட்டு வண்டியிலயே வந்து படுத்துக்கிடுதேன். நீ மூச்சு வாங்குதது கேக்கும்னுதான் அந்தாளு பேசுததெல்லாம் ஒக்காந்து கேக்கேன். எனக்கு நீ வேணும். நீ டெல்லிக்கு ரயிலேறுன அன்னிக்கிலருந்தே எனக்கு நீ வேணும்."

அவள் அழுவதுதான் வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வேனின் எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது. அழுகைக்கு நடுவில், "இதக் காலையில சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

கேலிக்கென்றே பிறந்த வேல்விழி ஜன்னல் பக்கம் திரும்பி, நனைந்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் அக்காவின் கை என் தோளில் இருந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்க வேண்டியவர்கள்தான் அத்தனை பேரும். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.